ஆழ்த்துவது ஒளியன்று, மறுமொழியே!

திண்ணையில் அமர்ந்து கைப்பேசியில் ஆடிக்கொண்டிருக்கும் சிறுவனைத் தாய் உண்ண அழைக்கின்றாள். ஒருமுறை அழைக்கின்றாள், விடையில்லை. மறுமுறை அழைக்கின்றாள், அப்போதும் விடையில்லை. மூன்றாம் முறை அவள் குரல் தெருக்கோடி வரை கேட்கின்றது. சிறுவனுக்கு மட்டும் கேட்கவில்லை. அவன் செவிடனும் அல்லன், பணிவில்லாதவனும் அல்லன். அவன் உடல் திண்ணையில் இருக்கின்றது. உள்ளமோ வேறோர் உலகில் உலவுகின்றது. தந்தை வந்து கருவியைப் பிடுங்குகின்றார். துயிலினின்றும் எழுப்பப்பட்டவன்போல் சிறுவன் திகைத்து விழிக்கின்றான். "திரையின் பளபளப்புப் பிள்ளையை மயக்கிவிட்டது" என்று தந்தை தீர்ப்புரைக்கின்றார்.

இக்காட்சி இற்றை நாளில் எந்நாட்டிலும் எவ்வூரிலும் காணக்கூடியது. தந்தையின் தீர்ப்பும் எங்கும் கேட்கக்கூடியதே. ஆயினும் அத்தீர்ப்பு சரிதானா என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலர். பளபளப்பே ஆழ்த்தும் ஆற்றலாயின், கடைத்தெருவில் ஆளுயரத்திற்கும் மேற்பட்ட திரைகளில் விளம்பரப் படங்கள் நாள்முழுதும் மின்னுகின்றனவே, அவற்றின் முன் மக்கள் ஏன் மெய்ம்மறந்து நிற்பதில்லை? அதே சிறுவன் அவற்றைத் திரும்பியும் பாராமல் செல்கின்றானே, அஃது ஏன்? நோயைப் பிழைபடக் கணித்தவன் மருந்தையும் பிழைபடவே கொடுப்பான். பிள்ளைகளை ஈர்ப்பது எது என்றறியாமல் பெற்றோரும் ஆசிரியரும் செய்யும் தடைகளும் கண்டிப்புகளும் பயனற்றுப் போவதற்குக் கரணியம் இவ்வறியாமையே.

வீடியோ கேம் என்று மக்கள் வழங்குவதை ஈண்டுத் திரை விளையாட்டு என்போம். ஆடுபவர் தம்மை மறந்து அதனுள் மூழ்கும் நிலையைத் தோய்வு என்போம். வெள்ளைத் துணி சாயத்தில் தோய்ந்து அதன் நிறத்தையே தன் நிறமாகக் கொள்வதுபோல், ஆடுபவரின் உள்ளம் ஆட்டத்தின் நிறத்தைத் தன் நிறமாகக் கொள்கின்றது. இத்தோய்வு எதனால் பிறக்கின்றது என்பதே வினா.

விளையாட்டு என்றாலே இழிவாக எண்ணுதல் தமிழர்க்குப் புதுப்பழக்கம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களங்களாகக் கூறியவை நான்கு. செல்வம், புலன், புணர்வு ஆகிய மூன்றோடு நான்காவதாக விளையாட்டை அவர் வைத்தார். உரையாசிரியர் பலர் ஈண்டுப் புலன் என்பதற்கு அறிவு என்றே பொருள் கொள்வர். அறிவினால் பிறக்கும் உவகைக்கும் விளையாட்டினால் பிறக்கும் உவகைக்கும் ஒரே வரிசையில் இருக்கை தந்த இனம், விளையாட்டின் இயல்பை ஆராய நாணவேண்டுவதில்லை. மேலை நாட்டிலும் ஊய்சிங்கா என்னும் ஒல்லாந்து நாட்டு வரலாற்றறிஞர், மாந்தனின் நாகரிகமே விளையாட்டினூடாக வளர்ந்தது என்று 1938-இல் ஒரு நூல் முழுதும் நிறுவினார். ஆடுகளம் என்பது வாழ்க்கையினின்றும் எல்லைகட்டிப் பிரித்த ஓர் இடம். அவ்வெல்லைக்குள் வேறு நெறிகள் ஆள்கின்றன என்பது அவர் கண்ட உண்மை.

இனி, திரை விளையாட்டுகளின் வரலாற்றையே சான்றுக்கு அழைப்போம்.

1970-களின் நடுவில் அமெரிக்காவில் வில் குரோத்தர் என்னும் நிரலர் ஒருவர் இருந்தார். கெண்டக்கியிலுள்ள மாமத்துக் குகைத்தொகுதியினுள் புகுந்து, அதன் வழிகளை அளந்து வரைந்த பட்டறிவுடையவர் அவர். அக்குகையை அடிப்படையாகக் கொண்டு தம் பெண்மக்களுக்காக ஒரு கணிப்பொறி ஆட்டத்தை எழுதினார். 1977-இல் டான் உட்சு என்பவர் அதனை விரித்தெழுதினார். அவ்வாட்டத்தில் ஓவியமில்லை; நிறமில்லை; ஓசையுமில்லை. திரையில் சில வரிகள் தோன்றி, ஆடுபவர் நிற்குமிடத்தை விளக்கும். அவர் 'வடக்கே செல்', 'விளக்கை எடு' என்பனபோல் ஈரிரு சொற்களைத் தட்டச்சிடுவார். பொறி அதற்கேற்ப அடுத்த நிலையைச் சொல்லும். அவ்வளவே. ஆயினும் கணிப்பொறிக் கூடங்களில் பணியாற்றியவர்கள் தம் வேலையை மறந்து அவ்விருட்குகையில் திரிந்தனர். விளக்கின் மின்கலம் தீர்ந்துவிடுமே என்று நெஞ்சு படபடத்தனர். ஒளியே இல்லாத எழுத்துத் திரையில் இருளுக்கு அஞ்சினர் என்றால், அவர்களை ஆழ்த்தியது ஒளி என்று எவ்வாறு கூறுவது?

அடுத்த சான்று உருசிய நாட்டினது. 1984-இல் மாசுகோவில், சோவியத்து அறிவியற் கழகத்தின் கணிப்பு நடுவத்தில் பணிபுரிந்த அலெக்சி பசித்னோவ் 'டெட்ரிசு' என்னும் ஆட்டத்தை உருவாக்கினார். நான்கு நான்கு கட்டங்களால் ஆன 7 வகைத் துண்டுகள் மேலிருந்து ஒவ்வொன்றாய் விழும். அவற்றைத் திருப்பியும் நகர்த்தியும் இடைவெளியின்றி அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அவ்வரிசை மறையும். அவர் முதலிற் பயன்படுத்திய எலெக்ட்ரோனிகா 60 என்னும் கணிப்பொறிக்கு ஓவியம் காட்டும் ஆற்றலே இல்லை. அடைப்புக்குறிகளைக்கொண்டே அவர் கட்டங்களைக் காட்டினார். ஆயினும் ஆக்கியவரே ஆட்டத்தை நிறுத்த முடியாமல் தவித்தார். அதில் அரசனில்லை, அரக்கனில்லை, கதையுமில்லை. உள்ளவை வினையும் அதன் விளைவும் மட்டுமே.

இவ்வாட்டத்தின் பிடி எத்துணை ஆழமானது என்பதை அமெரிக்க ஆய்வாளர் இசுட்டிக்கோல்டும் அவர்தம் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. பகலில் டெட்ரிசு ஆடியவர்கள் பலர், உறக்கம் தழுவும் வேளையில் துண்டுகள் விழுவதைக் கண்டதாகக் கூறினர். புதிய நினைவுகளைத் தேக்கிவைக்கும் மூளைப்பகுதி கெட்டு, தாம் ஆடியதையே மறந்துவிட்ட நோயாளிகள் 5 பேரும் அவ்வாய்வில் இருந்தனர். அவர்களுள் மூவர் அதே காட்சியைக் கூறினர். ஆடியதை அறிவு மறந்தது. ஆயினும் ஆட்டம் அவர்களை விட்டு அகலவில்லை. வினையால் உள்ளத்திற் பதிந்தது, நினைவையும் கடந்து நிற்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இவற்றிற்கு மறுதலையான சான்று ஒன்றும் உண்டு. அமெரிக்கரான மார்ட்டன் ஐலிக் என்பவர் 'சென்சோராமா' என்னும் பெட்டிப்பொறி ஒன்றைச் செய்து 1962-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதனுள் தலைநீட்டி அமர்ந்தவர்க்கு நியூயார்க்குத் தெருக்களில் இயக்குந்தில் செல்லும் காட்சி ஆழமும் அகலமுமாய்த் தோன்றும். இருக்கை அதிரும், காற்று முகத்தில் வீசும், ஓசை இருபுறமும் கேட்கும், மணமும் வரும். ஐம்புலனுள் நான்கை நிறைத்த அப்பொறியில் ஒன்று மட்டும் இல்லை. அமர்ந்தவர் இயக்குந்தை இடப்புறம் திருப்ப நினைத்தால் அது திரும்பாது. அவர் பார்ப்பவரேயன்றிச் செய்பவரல்லர். முதலீடு செய்வார் இன்மையால் அம்முயற்சி அத்துடன் நின்றது. அடைப்புக்குறிகளாலான டெட்ரிசோ உலகையே சுற்றி வந்தது. புலன்களை நிறைப்பது வேறு. உள்ளத்தைத் தோய்விப்பது வேறு என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் உணர்வர்.

ஆகவே தோய்வின் முதல் வித்து மறுமொழி. ஆடுபவர் ஒன்று செய்கின்றார்; ஆட்டத்தின் உலகம் உடனே அதற்கு விடை தருகின்றது. அவ்விடை விரைவாகவும் வேண்டும், உண்மையாகவும் வேண்டும். விசையை அழுத்தியபின் ஏறத்தாழ நொடியின் பத்தில் ஒரு பங்கிற்குள் விளைவு தோன்றினால்தான் அஃது உடனே நிகழ்ந்ததாக மாந்தர் உணர்வர். அதனினும் காலந்தாழ்ந்தால், தம் கைக்கும் திரைக்கும் இடையே ஏதோ ஒன்று குறுக்கே நிற்பதை உணர்ந்து தோய்வினின்றும் வெளியேறுவர். சப்பானிய ஆட்ட வல்லுநர் சிகெரு மியமோட்டோ 'சூப்பர் மாரியோ 64' என்னும் ஆட்டத்தை ஆக்கியபொழுது இதனை நன்கறிந்தே செயற்பட்டார். 1996-இல் வெளிவந்த அவ்வாட்டத்திற்குக் களங்களையும் கோட்டைகளையும் வரைவதற்கு முன்னரே, மாரியோ என்னும் அவ்வுருவை ஓடவும் தாவவும் ஒரு முயலைத் துரத்திப் பிடிக்கவும் விட்டு, அவ்வியக்கம் கைக்கு இனிக்கும்வரை அவர்தம் குழுவினர் திருத்திக்கொண்டே இருந்தனர். வெற்றுவெளியில் ஓடுவதே இன்பமாயின பின்னரே உலகத்தை அதன்மேற் கட்டினர். முதலிற் கை, பின்னரே கண்.

இரண்டாம் வித்து அளவு. அங்கேரியக் குடும்பத்திற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய உளவியல் பேராசிரியர் மிகாய் சிக்சென்மிகாய், மலையேறுவோர், சதுரங்கம் ஆடுவோர், அறுவை மருத்துவர், ஆடற்கலைஞர் முதலியோரை ஆராய்ந்து 1975-இல் ஒரு நூல் வெளியிட்டார். தொழில் வேறாயினும் அவர்கள் அனைவரும் ஒரே நிலையைத் தாம் அடைவதாகக் கூறினர். காலம் போவது தெரிவதில்லை. தான் என்னும் எண்ணம் எழுவதில்லை. வினையும் வினைசெய்வானும் ஒன்றாகின்ற நிலை அது. நீரோட்டம் என்னும் பொருள்படும் சொல்லால் அவர் அதனைக் குறித்தார். வினையின் கடுமையும் செய்வோனின் திறனும் ஒத்து நிற்கும்பொழுதே அந்நிலை பிறக்கும். வினை எளிதாயின் சலிப்பு. திறனுக்கு மிஞ்சிற்றாயின் பதற்றம். நல்ல திரை விளையாட்டு இவ்விரண்டிற்கும் நடுவே வரப்பின்மேல் நடத்துவதுபோல் ஆடுபவரை நடத்துகின்றது. திறன் வளர வளர வினையையும் வளர்க்கின்றது. அதனால்தான் 3 அகவைச் சிறுமிக்குப் பிடித்த ஆட்டம் அவள் அண்ணனுக்குச் சலிக்கின்றது; அண்ணனின் ஆட்டம் தந்தைக்குத் தலைசுற்றலைத் தருகின்றது. குறை ஆட்டத்திலும் இல்லை; ஆடுபவரிடத்தும் இல்லை; அளவிலேதான் உள்ளது.

மூன்றாம் வித்து ஓசை. 1978-இல் சப்பானில் தொமோகிரோ நிசிக்கடோ என்னும் பொறியியலர், விண்ணிலிருந்து படையெடுத்து வருவோரைச் சுட்டு வீழ்த்தும் 'இசுபேசு இன்வேடர்சு' என்னும் ஆட்டத்தை ஆக்கினார். 5 வரிசையில் 55 பகையுருக்கள் அணிவகுத்து இறங்கும். அவை இறங்க இறங்க நான்கே ஒலிகள் தாழ்ந்த குரலில் நெஞ்சத் துடிப்புப்போல் மாறிமாறி ஒலிக்கும். பகைவர் குறையக் குறைய எஞ்சியோரின் விரைவு மிகும். ஒலியும் உடன் விரையும். இவ்விரைவு முன்னமே திட்டமிட்டதன்று. அக்காலத்து நுண்செயலி 55 உருக்களையும் ஒருங்கே விரைந்து வரைய இயலாததாயிருந்தது. உருக்கள் குறைந்தபொழுது சுமை குறைந்து அது விரைந்தது. அக்குறையே ஆட்டத்திற்கு அழகாவதைக் கண்ட நிசிக்கடோ அதனைத் திருத்தாமல் விட்டார். நான்கு ஒலிகள், ஆடுபவரின் நெஞ்சத் துடிப்பைத் தம்வயப்படுத்தின. கண் எதிரே உள்ளதை மட்டும் காண்கின்றது. செவியோ சூழவுள்ளதையெல்லாம் கொள்கின்றது. எனவே ஓர் உலகத்தின் உள்ளே இருக்கின்றோம் என்னும் உணர்வைத் தருவதில் கண்ணுக்குச் செவி இளைத்ததன்று.

நான்காம் வித்தே யாவற்றினும் நுண்ணியது, அதுவே இடைவெளி. எல்லாவற்றையும் காட்டிவிட்ட ஆட்டத்தில் ஆடுபவரின் உள்ளம் புகுவதற்கு இடமில்லை. தெருக்கூத்தைக் கண்டவர் இதனை அறிவர். இருவர் பிடித்த ஒரு திரைத்துணி. அதற்குப் பின்னே கட்டைக்கூத்தரின் சலங்கையொலி. அவ்வளவில் அத்தினபுரமே வந்து நின்றுவிடும். அரண்மனையைக் கட்டிக் காட்டியவர் யார்? காண்பவரின் உள்ளமே. பூமிதோ உவேடா என்னும் சப்பானியக் கலைஞர் 2001-இல் வெளியிட்ட 'ஈக்கோ' என்னும் ஆட்டம் இந்நெறியிலேயே அமைந்தது. கழித்துக் கழித்து அமைப்பதே தம் முறை என்றார் அவர். பிற ஆட்டங்களில் திரையின் ஓரங்களில் நிறைந்திருக்கும் உயிரளவுக் கோடுகள், எண்கள், குறிகள் ஆகியவற்றையெல்லாம் நீக்கினார். கொம்பு முளைத்த சிறுவன் ஒருவனும், மொழி விளங்காத பெண்ணொருத்தியும் பாழ்ங்கோட்டையினின்றும் தப்ப முயல்வதே ஆட்டம். அவள் கையைப் பற்றியிருக்க வேண்டின், ஆடுபவர் ஒரு விசையை அழுத்திய விரலை எடாமல் வைத்திருத்தல் வேண்டும். விரலை எடுத்தால் அவள் கை நழுவும். ஒரு சொல்லும் விளங்காத அவள்மீது ஆடுபவர்க்குப் பரிவு பிறப்பது உரையாடலால் அன்று, அவ்விரலால். சொல்லாமல் விட்டதை உள்ளம் சொல்லிக்கொள்கின்றது. காட்டாமல் விட்டதை உள்ளம் வரைந்துகொள்கின்றது. தாமே வரைந்த உலகத்தினின்றும் எவரும் எளிதில் வெளியேறார்.

விரைந்த மறுமொழி, ஒத்த அளவு, உயிர்த்த ஓசை, விட்ட இடைவெளி ஆகிய இந்நான்கும் கூடுமிடத்தில் தோய்வு பிறக்கின்றது. ஓவியத்தின் பொலிவு இவற்றிற்குத் துணையாகலாம், முதலாதல் இல்லை. நான்கும் அமைந்த ஆட்டத்திற் பொலிவு சேர்ந்தால் நன்று. நான்கும் இல்லாத ஆட்டத்திற்குப் பொலிவு பிணத்திற்குப் பூட்டிய அணிகலனே.

இதுகாறும் கூறியது தோய்வின் நலம். இனிக் கூறவேண்டுவது அதன் பெயரால் நடக்கும் வஞ்சகம்.

தோய்வு வேறு, பிணிப்பு வேறு. தோய்ந்தவன் இன்பத்தால் நிற்கின்றான். பிணிப்புண்டவன் விடமாட்டாமையால் நிற்கின்றான். புறத்தே காண்பவர்க்கு இருவரும் ஒருவர்போலவே தோன்றுவர். அமெரிக்க உளவியலார் இசுகின்னர், புறாக்களைக்கொண்டு செய்த ஆய்வுகளில் ஓர் உண்மையைக் கண்டார். கொத்துந்தோறும் இரை கிடைக்குமாறு பழகிய புறா, இரை நின்றதும் விரைவில் ஓய்ந்துவிடும். எப்பொழுது கிடைக்கும் என்று தெரியாதவாறு இரை பெற்ற புறாவோ, இரை நின்றபின்னும் நெடுநேரம் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதுப்பொறிகளின் அடிப்படை இதுவே. இற்றை நாளில் விலையின்றித் தரப்பெறும் கைப்பேசி ஆட்டங்கள் பலவற்றின் அடிப்படையும் இதுவே. உள்ளே என்ன இருக்கின்றது என்று அறியாமலே பணம் கொடுத்துத் திறக்கும் பரிசுப்பேழை. ஒருநாள் வாராவிட்டால் இழக்க நேரும் நாட்பரிசு. காத்திருக்க முடியாதவர் பணம் கொடுத்துக் கடக்கும் தடைகள் ஆகிய இவை ஆட்டத்தின் உறுப்புகள் அல்ல. ஆட்டத்தின்மேற் கட்டிய கண்ணிகள். மேற்கூறிய நான்கு வித்துகளால் பிள்ளையை உள்ளே அழைத்து, இக்கண்ணிகளால் அவன் காலைக் கட்டுகின்றனர்.

உலக நாடுகள் இதனைச் சிறிது சிறிதாக உணர்ந்து வருகின்றன. 2018 ஏப்பிரலில் பெல்சிய நாட்டின் சூதாட்ட ஆணையம், சில ஆட்டங்களிலுள்ள பரிசுப்பேழைகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவன என்று அறிவித்தது. உலக நலவாழ்வு அமைப்பின் நோய்ப்பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்று 2022 சனவரி முதல் நாளினின்றும் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகத்துத் திங்களில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இவற்றுள் நலவாழ்வு அமைப்பின் வரையறையைப் பெற்றோர் ஊன்றிப் பார்த்தல் நன்று. நெடுநேரம் ஆடுவதையே அது நோய் என்று கூறவில்லை. ஆட்டத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் தன் கட்டுப்பாட்டில் இல்லாமை, வாழ்க்கையின் பிற கடமைகளையும் விருப்பங்களையும் ஆட்டம் பின்தள்ளுதல், கேடு கண்ட பின்னரும் தொடர்தல் ஆகிய மூன்றும், பொதுவாக 12 திங்கள் அளவிற்கு நிலைபெற்று வாழ்வைச் சிதைப்பதையே அது கோளாறு என்றது. எனவே மும்முறை அழைத்தும் கேளாத சிறுவனை நோயாளி என்று முடிவுகட்டுவது அறியாமை. அவனுக்கு எக்கண்ணியும் இல்லை என்று வாளாவிருப்பதும் அறியாமையே.

அவ்வாறாயின் வேறுபாட்டை எவ்வாறு அறிவது? வீட்டிலேயே கேட்டறியத்தக்க வினாக்கள் நான்கு உள்ளன. ஒன்று: ஆட்டத்திற்கு முடிவு உண்டா? ஒரு கட்டம் முடிந்ததும் நிறுத்துவதற்கு அஃது இடந்தருகின்றதா, அன்றி நிறுத்தியவனைத் தண்டிக்கின்றதா? இரண்டு: தோற்ற பிள்ளைக்குத் தான் ஏன் தோற்றான் என்று தெரிகின்றதா? தெரிந்தால் அவன் கற்கின்றான். தெரியாவிட்டால் வெறுமனே கொத்துகின்றான். மூன்று: அங்கே விற்பது ஆட்டமா, வாய்ப்பா? ஆட்டத்தை விலைகொடுத்து வாங்குவது வாணிகம். வாய்ப்பை விலைகொடுத்து வாங்குவது சூது. நான்கு: ஆடி முடித்தபின் பிள்ளையிடம் சொல்வதற்குச் செய்தி இருக்கின்றதா? தோய்ந்தெழுந்தவனுக்குச் சொல்லக் கதையிருக்கும். பிணிப்புண்டவனுக்கு எண்கள் மட்டுமே எஞ்சும். இந்நான்கு வினாக்களையும் கேட்பதற்குக் கணிப்பொறி அறிவு வேண்டா. பிள்ளையின் அருகில் கால்மணி நேரம் அமர்ந்திருக்கும் பொறுமை போதும்.

பிணிப்பின்றித் தோய்விக்கலாம் என்பதற்குத் தமிழர் சார்ந்த சான்றே ஒன்று உண்டு. கனடாவின் தொராந்தோ நகரிலுள்ள ஒரு சிறு குழுவினர் 'வெண்பா' என்னும் திரை விளையாட்டை ஆக்கி 2023 சூலை 31-இல் வெளியிட்டனர். 1980-களில் தமிழ்நாட்டினின்றும் கனடாவிற்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை அது. தாயின் பெயர் வெண்பா. மகன் பெயர் கவின். தன் தாயிடமிருந்து பெற்ற சமையற் குறிப்பேட்டை வெண்பா வைத்திருக்கின்றாள். அதன் தாள்கள் கிழிந்தும் எழுத்துகள் மங்கியும் கிடக்கின்றன. விடுபட்ட படிகளை ஆடுபவரே உய்த்துணர்ந்து சமைக்க வேண்டும். இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி நன்கு பரவும் என்பதும் அங்கே ஒரு புதிர். போரில்லை; சூதில்லை; பரிசுப்பேழை இல்லை. சில மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகம் 2024-இல் அதற்கு முதற்படைப்பிற்கான விருதை வழங்கிற்று.

அதன் வெற்றிக்குக் கரணியம் யாது? கிழிந்த அத்தாளே. முழுக் குறிப்பையும் எழுதிக் காட்டியிருந்தால் ஆடுபவர் படித்துவிட்டுப் போயிருப்பார். தாள் கிழிந்திருந்தமையால் அவ்விடைவெளியில் அவர் தம் அறிவைச் செலுத்தினார். செலுத்தியதால் அவ்வடுக்களைக்குள் புகுந்தார். தாயின் மொழிக்கும் மகனின் மொழிக்கும் இடையே விழுந்த பிளவை, இட்டலியை உண்டறியாத அயலவரும் தம் கையாலேயே தொட்டறிந்தனர். பெருஞ்செலவிற் பெரும்படைகளைத் திரையில் ஓட்டினால்தான் உலகம் தமிழரைத் திரும்பிப் பார்க்கும் என்று எண்ணும் தமிழ் இளைஞர் இதனைக் கருதிப் பார்க்க. ஆட்டம் ஆக்க விழைவார் முதலில் தேடவேண்டுவது ஒளியை அன்று. ஆடுபவரின் கைக்கு உண்மையான விடைதரும் ஒரு வினையை.

இறுதியாக ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு சொல். திரை விளையாட்டு பிள்ளையை ஈர்ப்பது அது விடைதருவதால் என்றால், அப்பிள்ளை வாழும் பிற இடங்கள் அவனுக்கு எவ்வாறு விடைதருகின்றன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வகுப்பில் அவன் எழுதிய தேர்வுத்தாள் திருத்தப்பெற்று மீளப் பல வாரங்கள் ஆகின்றன. மீண்டு வருவதும் ஓர் எண்ணே. எங்கே பிழைத்தான், எவ்வாறு திருத்தலாம் என்னும் மறுமொழி அதில் இல்லை. திறன் மிக்க மாணவனுக்கும் திறன் குறைந்த மாணவனுக்கும் ஒரே பாடம், ஒரே விரைவு. ஆகவே முன்னவனுக்குச் சலிப்பு, பின்னவனுக்குப் பதற்றம். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, அவன் உள்ளம் புக ஓரிடைவெளியும் விடாமல் அடைத்துவிடுகின்றோம். வீட்டிலோ அவன் ஒரு வினாவுடன் வந்தால், "பிறகு பார்ப்போம்" என்பதே விடை. கைப்பேசியிலுள்ள ஆட்டம் மட்டும் அவன் விரல் அசைந்த நொடியே அவனுக்கு விடைதருகின்றது. தோற்றால் மீண்டும் முயல் என்கின்றது. அவன் அளவறிந்து அடுத்த படியைக் காட்டுகின்றது. அவன் எங்கே செல்வான்?

கருவியைப் பிடுங்குவது எளிது. பிடுங்கிய இடத்தில் எதை வைப்பது என்பதே அரிது. ஒரு மாணவனின் ஒரு பிழைக்கு அன்றைக்கே விளக்கம் தரும் ஆசிரியரும், பிள்ளையின் அருகில் அமர்ந்து "இதை எவ்வாறு வென்றாய்?" என்று கேட்டு முழுவிடையையும் செவிமடுக்கும் தந்தையும், அவ்வாட்டத்தை ஆக்கியவர் செய்ததையே செய்கின்றனர், அதனினும் உயர்ந்ததாகவும் செய்கின்றனர். ஏனெனில் பொறி தரும் மறுமொழியில் அன்பில்லை. இவர்கள் தருவதில் அஃது உண்டு.

தாய் மும்முறை அழைத்தும் சிறுவன் கேட்கவில்லை என்று குறைகூறும் பெரியோர், அச்சிறுவன் அழைத்தபொழுது தாம் எத்தனை முறை கேளாதிருந்தோம் என்பதையும் எண்ணிப் பார்ப்பாராக. மறுமொழி கிடைக்கும் இடத்திலேயே உள்ளம் தோயும். அவ்விடம் திரையாகவே இருத்தல் வேண்டுமா, வகுப்பறையாகவும் வீட்டுத் திண்ணையாகவும் இருத்தல் கூடுமா என்பது பிள்ளைகளின் கையில் இல்லை. பெரியோர் கையிலேயே உள்ளது.